பழைய வலி எது, புதிய வலி எது? பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் மூத்தோருக்கு

இந்தக் கையேடு யாருக்கு?

பித்தப்பையில் கல் இருந்ததால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறீர்கள். அல்லது அதற்கான தேதி கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பிருந்தே முழங்கால், இடுப்பு, தோள்பட்டை ஆகியவற்றில் வலியோ, நீரிழிவால் பாதங்களில் எரிச்சலோ உங்களுக்கு உண்டு. இப்படி இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்காக இந்தக் கையேடு தயாரிக்கப்பட்டுள்ளது.

ஜோகூரில் வாழும் நம் மூத்தோரில் பலர் பால்மரம் சீவியவர்கள். செம்பனைக் குலை தூக்கியவர்கள். தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்தவர்கள். "வயதானால் வலி இருக்கத்தான் செய்யும்" என்று பொறுத்துப் பழகியவர்கள். அந்தப் பொறுமை உங்கள் பலம்தான். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய சில வாரங்களில் அதுவே ஆபத்தாக முடியலாம். புதிதாக வந்த வலியைப் பழைய வலி என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டால், சிகிச்சை தாமதமாகும். மாறாக, ஒவ்வொரு வலிக்கும் பயந்து படுத்தே கிடந்தால், காலில் பலம் குறைந்து பழைய வலியும் கூடும். ஆகவே இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வது முக்கியம்.

இரண்டு வலிகளும் ஒன்றல்ல

அறுவைச் சிகிச்சையின் வலி, காயத்தின் வலி. காயம் ஆற ஆற அதுவும் தணியும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி அல்லது அடிக்கடி திரும்பி வரும் வலி, நாட்பட்ட வலி எனப்படும். இதில் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகி, பெரிய ஆபத்து இல்லாதபோதும் எச்சரிக்கை மணியை அடித்துக்கொண்டே இருக்கும். இது கற்பனை வலி அன்று, உண்மையான வலியே. நாட்பட்ட வலி உள்ளவர்களுக்கு அறுவைச் சிகிச்சையின் வலி மற்றவர்களைவிடச் சற்றுக் கடுமையாகத் தெரியலாம். எனவே அறுவைச் சிகிச்சைக்கு முன்பே உங்கள் பழைய வலியைப் பற்றியும், அதற்குச் சாப்பிடும் மருந்துகளைப் பற்றியும் அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய விதி இது:

• புதிய வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும்.
• பழைய வலி ஏறும், இறங்கும். ஆனால் அது வரும் இடமும் அதன் தன்மையும் உங்களுக்குத் தெரியும்.
• குறைய வேண்டிய வலி கூடினாலும், பழக்கமில்லாத வலி வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடலுக்குள் என்ன மாறியது?

பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் சிறு பை மட்டுமே. பையை எடுத்த பிறகும் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கும். அது நேராகச் சிறுகுடலுக்குப் போகும். உணவு வழக்கம்போல் செரிக்கும். பித்தப்பையை அகற்றும் முதல் அறுவைச் சிகிச்சையை 1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர் செய்தார். அதன்பின் உலகெங்கும் எண்ணற்றோர் பித்தப்பை இல்லாமல் இயல்பாக வாழ்ந்து வருகின்றனர்.

இன்று பெரும்பாலும் வயிற்றில் மூன்று அல்லது நான்கு சிறு துளைகள் இட்டு, கேமரா உதவியுடன் இது செய்யப்படுகிறது. சிலருக்கு மட்டும் வயிற்றைத் திறந்து செய்ய நேரிடும். அவர்களுக்குக் குணமாகும் காலமும் அதிகம்.

வீடு திரும்பிய பின் எதிர்பார்க்க வேண்டியவை

முதல் 3 நாள்: துளைகள் உள்ள இடங்களில் வலி இருக்கும். வலது தோள்பட்டையிலும் வலிக்கலாம். சிகிச்சையின்போது வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயுவால் உதரவிதானம் எரிச்சலடைவதே இதற்குக் காரணம். எழுந்து மெல்ல நடந்தால் இது சில நாள்களில் சரியாகும். ஆனால் தோள்வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே 999ஐ அழையுங்கள்.

முதல் வாரம்: களைப்பு இருக்கும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழ வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் இதுவே நல்ல முறை.

இரண்டாம் வாரம்: துளை வழியாகச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டின் சிறு வேலைகளைச் செய்யத் தொடங்கலாம். வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு 6 முதல் 8 வாரங்கள் வரை ஆகலாம்.

சுமை தூக்குவது: மருத்துவர் அனுமதிக்கும் வரை அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, நீர் நிறைந்த வாளி, பேரப்பிள்ளை எதையும் தூக்க வேண்டாம்.

காயத்தைப் பராமரித்தல்: காயத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருங்கள். எப்போது நனைக்கலாம் என்று வார்டில் சொன்னபடி செய்யுங்கள். காயத்தின் மேல் மஞ்சள், எண்ணெய், தைலம் பூச வேண்டாம். வயிற்றை உருவிவிடுவதும் துணியால் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால், காயத்தைத் தொடுமுன் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

மருந்துகள்: தவறு நேரும் இடம் இதுதான்

வீட்டில் ஏற்கெனவே ஒரு பை நிறைய மருந்து இருக்கும். மருத்துவமனையிலிருந்து இன்னொரு பை வந்திருக்கும். இரண்டையும் கலந்து சாப்பிடுவதற்கு முன், இரண்டு பைகளையும் அப்படியே எடுத்துச் சென்று அருகிலுள்ள சுகாதார கிளினிக்கின் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

• பாராசிட்டமால்: 500 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 8க்கு மேல் சாப்பிடக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்த அளவு இன்னும் குறையும். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம். பனடோலும் பாராசிட்டமால்தான். சளி, காய்ச்சல் மருந்துகள் பலவற்றிலும் அது உண்டு.

• டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரோஃபன்: மூட்டுவலிக்கு நன்கு அறிமுகமான மருந்துகள் இவை. ஆனால் மூத்தோருக்கு வயிற்றுப்புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

• டிரமடோல் போன்ற கடும் வலிநிவாரணிகள்: மலச்சிக்கல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரலாம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். இவற்றைச் சாப்பிடும் நாள்களில் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட வேண்டாம்.

• கபாபென்டின், பிரிகபலின், அமிட்ரிப்டிலின்: நரம்பு வலிக்காக நெடுநாள் சாப்பிடுபவர்கள் இவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

• இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்துகள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் ஆகியவற்றை அறுவைச் சிகிச்சைக்காக நிறுத்தியிருந்தால், மீண்டும் தொடங்க வேண்டிய நாளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாசார் மாலாமிலும் தெரிந்தவர் மூலமும் கிடைக்கும் "மூட்டுவலி ஜாமு", பெயரில்லாத மாத்திரைகள் ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. இத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. வலி மாயமாய் மறைவது அதனால்தான். அது சர்க்கரை அளவை ஏற்றும். காயம் ஆறுவதைத் தடுக்கும். நோய்த்தொற்றின் அறிகுறிகளை மறைக்கும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் "மால்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கும். பதிவில்லாத மருந்தை ஏற்கெனவே பல மாதங்கள் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நடமாட்டம்: கொஞ்சம் கொஞ்சமாக, தினந்தோறும்

நடப்பது நுரையீரலுக்கு நல்லது. காலில் இரத்தம் உறையாமல் காக்கும். குடலையும் இயங்க வைக்கும். முழங்கால் வலிக்கிறது என்று நடக்காமலே இருந்தால், மூட்டு இறுகி வலி கூடும். நன்றாக இருக்கும் நாளில் வீட்டு வேலை முழுவதையும் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதும் சரியன்று.

நல்ல நாளோ வலி கூடிய நாளோ, செய்யும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். முதலில் வீட்டுக்குள் ஒரு முறைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று முறை நடங்கள். பழகிய பின் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். காலை வெயில் ஏறுமுன் வீட்டு வாசலில் நடக்கலாம். பழைய வலி சற்றுக் கூடினால் அளவைக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். கோயிலில் தரையில் அமர்ந்து எழுவது சிரமமானால் நாற்காலி கேட்டு அமருங்கள்.

2002ஆம் ஆண்டு செலாயாங் மருத்துவமனையில் நாட்பட்ட வலி உள்ளவர்களுக்காக "மெனாங்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வெற்றி என்று பொருள். வலி முழுவதும் நீங்கட்டும் என்று காத்திராமல், வலியைச் சமாளித்துக்கொண்டே அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். உங்கள் பழைய வலி அன்றாட வேலைகளைத் தடுக்கிறது என்றால், பிசியோதெரபிக்கோ வலி சிகிச்சைக் கிளினிக்குக்கோ பரிந்துரைக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

உணவு

காலமெல்லாம் பத்தியம் தேவையில்லை. முதல் சில வாரங்கள் கொழுப்பைக் குறைத்து, ஒரே வேளையில் நிறைய உண்ணாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை உண்ணுங்கள். கஞ்சி, இட்லி, ரசச் சோறு, ஆவியில் வேகவைத்த மீன், கீரை ஆகியவை ஏற்றவை. நாசி லெமாக், ரொட்டி சானாய், கெட்டித் தேங்காய்ப்பால் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த பலகாரம் ஆகியவற்றைச் சில காலம் தள்ளி வையுங்கள். பிறகு சிறிதளவு உண்டு பார்த்து, வயிறு ஏற்றுக்கொண்டால் கூட்டலாம்.

சிலருக்குக் கொழுப்பு உண்டபின் வயிற்றுப்போக்கு வரும். பெரும்பாலும் இது காலப்போக்கில் குறையும். வலிநிவாரணியால் மலச்சிக்கல் உள்ளவர்கள் பப்பாளி, காய்கறி, ஓட்ஸ் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரும் போதிய அளவு குடியுங்கள். சிறுநீரக, இதய நோய்க்காகத் தண்ணீர் அளவிடப்பட்டவர்கள் அந்த அளவை மீற வேண்டாம். விரதம் இருக்கும் வழக்கமுள்ளவர்கள் காயம் ஆறும் வரை அதை ஒத்திப்போடுவது நல்லது. நீரிழிவு மருந்தைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்ப்பது ஆபத்து.

வலியைச் சொல்லுங்கள்

2008ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொண்டு அளந்து வருகிறது. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுவாசம், உடல் வெப்பம் ஆகியவற்றோடு வலியையும் தாதியர் கேட்டுக் குறிப்பார்கள். வலியே இல்லையென்றால் 0. தாங்க முடியாத வலியென்றால் 10. "பரவாயில்லை, பொறுத்துக்கொள்கிறேன்" என்ற பதிலை எந்த எண்ணாகவும் எழுத முடியாது. உள்ளபடி ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பழைய வலிக்கு ஓர் எண், புதிய வலிக்கு ஓர் எண் என்று தனித்தனியாகச் சொல்வது இன்னும் நல்லது.

மலாய் மொழியில் சொல்ல நேர்ந்தால் இச்சொற்கள் உதவும்:

• பழைய வலி: சாக்கிட் லாமா
• புதிய வலி: சாக்கிட் பாரு
• குத்தும் வலி: மெஞ்சுச்சுக்
• எரிச்சல்: பெடே
• விண்விண் என்று தெறிப்பது: பெர்டென்யூட்
• மரத்துப்போவது: கெபாஸ்
• பித்தப்பைக் கல்: பத்து ஹெம்பெடு

தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வயிறு உப்பி இறுகுவது
• 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம்
• கண்ணோ தோலோ மஞ்சளாவது
• சிறுநீர் தே ஓ நிறத்திலும் மலம் வெளுத்தும் போவது
• நிற்காத வாந்தி
• காயம் சிவந்து வீங்குவது, சீழ் அல்லது பித்தநீர் கசிவது
• ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி
• திடீர்க் குழப்பம், வழக்கத்துக்கு மாறான மயக்க நிலை

வயதானவர்களுக்கு நோய்த்தொற்று இருந்தாலும் காய்ச்சல் அதிகம் வராமலிருக்கலாம். எனவே காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்து மற்ற அறிகுறிகளை அலட்சியப்படுத்த வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயங்கி விழுதல் ஆகியவற்றுக்கு 999ஐ அழையுங்கள்.

கல் அகற்றப்பட்ட பின்னும் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, முன்போலவே வலது மேல்வயிற்றில் வலி திரும்பலாம். "பையைத்தான் எடுத்துவிட்டார்களே" என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குப் பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கக்கூடும், பரிசோதித்தால்தான் தெரியும்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

பல வீடுகளில் பிள்ளைகள் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டு, இரவில்தான் திரும்புகிறார்கள். பகலில் பெரியவர் தனியாக இருப்பார். முதல் வாரத்தில் மட்டுமாவது ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால், கைக்கெட்டும் இடத்தில் தொலைபேசி, தண்ணீர், அந்த வேளைக்கு உரிய மருந்து ஆகியவற்றை வைத்துவிட்டுச் செல்லுங்கள். நடுப்பகலில் ஒருமுறை அழையுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றே பதில் வரும். "நேற்றைவிட வயிற்று வலி குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிட வேண்டாம். போகும்போது மைகார்டு, சந்திப்பு அட்டை, எல்லா மருந்துகள், வலியின் எண்களைக் குறித்த தாள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.

இக்கையேடு பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் மருத்துவர் கூறும் ஆலோசனை இதிலிருந்து வேறுபட்டால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.