செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலப்பரப்பு வெப்பநிலையைக் கணித்தல்

நிலப்பரப்பு வெப்பநிலை என்பது மண், பாறை, சாலை, கூரை, மரங்களின் மேற்பகுதி, நீர் ஆகியவற்றின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக உள்ளது என்பதைக் குறிக்கும் அளவாகும். வானிலை அறிக்கைகளில் சொல்லப்படும் வெப்பநிலை இதுவன்று. அது நிழலில் வைக்கப்பட்ட வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பநிலை. வெயிலில் காய்ந்த தரை, அதன் மேலுள்ள காற்றைவிட மிகவும் சூடாக இருக்கும். ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வழியே அறியப்பட்ட தரை வெப்பநிலை 70.7 °செ ஆகும்.

அடிப்படை

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர்வீச்சை வெளியிடுகின்றன. புவிப்பரப்பின் வழக்கமான வெப்பநிலையில் இக்கதிர்வீச்சு 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறுகிறது. வளிமண்டலம் இப்பகுதியில் ஓரளவு ஒளிபுகும் தன்மை உடையது என்பதால், மேகமற்ற நாள்களில் செயற்கைக்கோளின் வெப்ப அகச்சிவப்பு உணரி அக்கதிர்வீச்சைப் பதிவு செய்ய முடிகிறது. உணரி அளப்பது கதிர்வீச்சை மட்டுமே. வெப்பநிலை அதிலிருந்து கணக்கிடப்படுகிறது.

கணிக்கும் முறை

2013இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் 10ஆம் பட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு படவணுவின் எண் மதிப்பு 30,000 எனில்:

1. கதிர்வீச்சு = 0.0003342 × 30,000 + 0.1 = 10.126.
2. ஒளிர்வு வெப்பநிலை = 1321.0789 ÷ இயல் மடக்கை (774.8853 ÷ 10.126 + 1) = 303.7 கெல்வின், அதாவது 30.5 °செ.
3. உமிழ்திறன் திருத்தம்: ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாப் பரப்புகளும் ஒரே அளவு கதிர்வீச்சை வெளியிடுவதில்லை. வளிமண்டலத் திருத்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், மேற்கண்ட படவணு உமிழ்திறன் 0.98 கொண்ட பசுந்தாவரப் பரப்பாயின் விடை சுமார் 31.9 °செ, உமிழ்திறன் 0.92 கொண்ட வறண்ட மணற்பரப்பாயின் சுமார் 36.4 °செ.

பதிவான எண் ஒன்றே; உமிழ்திறனை எவ்வளவு எனக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை 4.5 பாகை வேறுபடுகிறது. தாவரக் குறியீட்டைக் கொண்டு ஒவ்வொரு படவணுவின் உமிழ்திறனையும் மதிப்பிடுவது பரவலான வழக்கம்.

வளிமண்டல நீராவி தரையின் கதிர்வீச்சில் ஒரு பகுதியை உட்கவர்ந்து, தானும் கதிர்வீச்சை வெளியிடுகிறது. அடுத்தடுத்த இரு வெப்பப் பட்டைகளின் வேறுபாட்டைக் கொண்டு இதைத் திருத்தலாம். ஆனால் லேண்ட்சாட் 8இன் வெப்ப உணரியில் புலத்திற்கு வெளியேயிருந்து கதிர்கள் கலப்பது ஏவிய பின்னரே தெரியவந்தது. 11ஆம் பட்டை கூடுதலாகப் பாதிக்கப்பட்டதால், பலர் 10ஆம் பட்டையை மட்டும் பயன்படுத்தினர். 2021இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 9இல் இக்குறை பெரிதும் களையப்பட்டது.

வரம்புகள்

லேண்ட்சாட் 8 ஓரிடத்தை 16 நாள்களுக்கு ஒருமுறை, காலை 10 மணியளவில் கடக்கிறது. பிற்பகல் உச்ச வெப்பமும் இரவின் புழுக்கமும் அதன் பகற்படத்தில் இரா. மேகம் மறைத்தால் அன்றைய பதிவு பயன்படாது. வெப்பப் பட்டையின் பிரிதிறன் 100 மீட்டர் என்பதால், ஒரு படவணுவில் வீடுகள், தெரு, மரங்கள் யாவும் கலந்தே இருக்கும். டெர்ரா, அக்குவா செயற்கைக்கோள்களின் மோடிசு உணரி நாள்தோறும் பதிவு செய்கிறது. ஆனால் அதன் படவணு சுமார் 1 கிலோமீட்டர் அகலமுடையது.

நகரங்களில் மரம் நடவும் நிழற்கூடம் அமைக்கவும் இடம் தேர்வதற்கு இவ்வரைபடங்கள் உதவுகின்றன. அங்கும் கவனம் தேவை. வண்ணம் பூசாத புதிய துத்தநாகத் தகட்டுக் கூரையின் உமிழ்திறன் மிகக் குறைவு. ஆகவே வெயிலில் கொதித்தாலும் அது வரைபடத்தில் குளிர்ந்த இடமாகத் தோன்றக்கூடும். அக்கூரையின் கீழ் வாழ்வோரின் நிலையை அறிய, அங்கேயே ஒரு வெப்பமானியை வைத்து அளந்து ஒப்பிடுவது இன்றியமையாதது.