இருபது வளைவுக்கு எத்தனை மணி நேரம்?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையைக் கணினி விளையாட்டு ஒன்றுக்குள் கொண்டுவர நான்கு மாணவர்கள் கிளம்பினால் என்ன செலவாகும்?

2017-இல் வெளிவந்த 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் நம் ஊர்ப் பேருந்துகள் ஓடுகின்றன அல்லவா, அவற்றைச் செய்து சேர்த்தவர்கள் ரசிகர்கள். ஒருவர் உருவாக்கிய விளையாட்டில் இன்னொருவர் இப்படி வண்டியோ சாலையோ ஒலியோ சேர்ப்பதுதான் 'மோட்'. 1999-இல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டுக்கு மாணவர்கள் இருவர் செய்த மோட்தான் பின்னாளில் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆனது. சாலை போட நினைப்பவர்களுக்கு 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' வசதி. நிலப்பரப்பை மாற்றும் கருவி அதிலேயே இருக்கிறது.

மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், படங்களுக்கு கிம்ப், ஒலிக்கு ஆடாசிட்டி, நிலவரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், கணக்கு எழுத லிப்ரே ஆபிஸ்: எல்லாமே இலவசம். பிளெண்டர் சும்மா கிடைத்துவிடவில்லை. அதை உருவாக்கிய டோன் ரோசெண்டால் 2002-இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, முதலீட்டாளர்களிடமிருந்து அதை மீட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

மலையின் மேடுபள்ளமும் இலவசம்தான். 2000-ஆம் ஆண்டு எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு பூமியை அளந்த தரவு இணையத்தில் கிடைக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அப்படியே திரையில் எழும். ஆனால் அந்தத் தரவில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் உண்டு. பேருந்து வளைந்து திரும்பும் இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மலை வரும், வளைவு வராது. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுப் பேருந்தில் போய்வர வேண்டும். தடுப்புச் சுவரையும் மைல்கல்லையும் படமெடுக்க வேண்டும். டிக்கெட் காசை மறக்காமல் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்த செலவு கணினியின் நினைவகம். ஒரு பாறைக்குப் போர்த்தும் படம் 4096-க்கு 4096 புள்ளிகள் என்றால், சுருக்காத நிலையில் 64 எம்பி பிடிக்கும். அதையே 2048 ஆக்கினால் 16 எம்பி போதும். ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பல மாணவர்களிடம் இருக்கும் 8 ஜிபி மடிக்கணினிக்கு இந்தச் சிக்கனம் உயிர்நாடி.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நேரம். நால்வர் வாரம் ஐந்து மணி நேரம் வீதம் 16 வாரம் உழைத்தால் 320 மணி நேரம். ஒரு வளைவுக்கு 12 மணி நேரம் என்று வைத்தால் இருபதுக்கு 240. மிச்சம் 80 மணி நேரத்துக்குள் ஒலியும் சோதனையும் பிழை திருத்தமும் அடங்க வேண்டும். ஒரு வளைவுக்கு 16 மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சமே இல்லை. ரூபாய்க் கணக்கு மட்டும் எழுதிய குழுக்கள் பாதி மலையில் நிற்பது இதனால்தான்.

கிராக் செய்த மென்பொருள் பக்கம் போகவேண்டாம். வைரஸ் வந்தால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். மாணவர்களுக்கென்று இலவசமாகத் தரும் மாயா போன்ற முப்பரிமாண மென்பொருள்களைக் கற்கத்தான் பயன்படுத்தலாம், சம்பாதிக்க முடியாது. மோடை விற்கலாமா என்பதையும் அந்தந்த விளையாட்டின் உரிம விதியில் முதலிலேயே படித்துவிடுங்கள்.

இருபதையும் ஒரேயடியாகத் தொடங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு வளைவை முழுமையாக முடித்து, ஆன நேரத்தை எழுதி வையுங்கள். மீதி பத்தொன்பதின் கணக்கு அதிலிருந்துதான் கிடைக்கும்.