காந்தம் ஒட்டினால் பில் போடுங்க

சீர் பாத்திரம் எடுக்கப் போகும் கொங்குப் பெரியவர்களில் விவரமானவர்கள் முன்பெல்லாம் ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோவார்கள். எவர்சில்வர் குண்டாவில் அது ஒட்டினால், “மட்டம்ங்க, வேற எடுங்க” என்று தள்ளிவிடுவார்கள். இன்று கோவை டவுன்ஹால் பக்கத்துக் கடையில் அதே காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டினால்தான் பில் போடச் சொல்கிறார்கள்.

இரண்டு தீர்ப்பிலும் நியாயம் உண்டு. 304 ரக எவர்சில்வரில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நிக்கல் சேர்வதால் அநேகமாகக் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் ஒட்டும். (ஒட்டாததெல்லாம் உசத்தி என்று நம்பிவிடவும் கூடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது.) இண்டக்‌ஷன் அடுப்புக்கு உசத்தி, மட்டமெல்லாம் தெரியாது. கண்ணாடித் தட்டுக்குக் கீழே இருக்கும் செம்புச் சுருளின் காந்தப்புலம் மேலே இரும்பைத் தேடும். கிடைத்தால் பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரம் சுழன்று சூடேறும். கிடைக்காவிட்டால் கீக்கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கோவை மில்களும் கிணற்று மோட்டார்களும் கரண்டில் ஓடின. அடுப்படியில் விறகுதான். பின்னால் வந்த சுருள்கம்பி ஹீட்டர் பாத்திரம் பார்த்துப் பழகியதில்லை. ஈயம் பூசிய பித்தளைப் போசியோ அலுமினியச் சட்டியோ, வைத்தால் கொதிக்கும். சமயத்தில் ஷாக்கும் அடிக்கும்.

2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 தான் என்றானபோது பல வீடுகளில் இண்டக்‌ஷன் பேச்சு எழுந்தது. அந்த வருடம் பல மணி நேரம் கரண்டே இருக்காது என்பது வேறு விஷயம்.

அடுப்பு மாறியதும் பரணுக்குப் போனவை பல: பெயர் வெட்டிய அனுப்பர்பாளையத்துப் பித்தளை, குழிந்த வடசட்டி, வெறும் அலுமினியக் குக்கர். குக்கர் மட்டும் அடியில் எஃகுத் தகடு பதித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. நல்ல எவர்சில்வரும் அப்படித்தான்: உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் 430 என்று மூன்றடுக்காக வருகிறது. மண்சட்டிக்கு அந்த வழியும் இல்லை. அதில் பச்சைப்பயறு வேக கேஸ் அடுப்புதான் வேண்டும். ராகிக் களியையும் இண்டக்‌ஷனில் கிண்டச் சொல்ல மாட்டேன். துடுப்பை அழுத்திக் கிண்டுகிற வேகத்துக்கு அந்தக் கண்ணாடித் தட்டு தாங்குமா என்பது சந்தேகம்.

யாரும் எதிர்பாராமல் மதிப்பு கூடியது இரும்புத் தோசைக்கல்லுக்கு. நான்ஸ்டிக் வந்தபோது ஓரங்கட்டிய அதே கல். வார்ப்பட ஆலைகள் நிறைந்த ஊரில் வார்ப்பிரும்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. வாங்கும்போது கவிழ்த்து, அடி மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மேடு இருந்தால் வேண்டாம். அடுப்புச் சுருள் பெரும்பாலும் கல்லைவிடச் சின்னது. எடுத்தவுடன் 2000 வாட்டில் வைத்தால் நடுவில் கருகி ஓரம் வெளுத்த தோசைதான் வரும். குறைந்த வாட்டில் ஐந்தாறு நிமிடம் காயவிட்டு, பிறகு மாவை ஊற்றுங்கள்.