முரட்டு டயரும் மூன்றாவது பெடலும்

நம்மூரில் ‘ரோடு’ எங்கே முடிகிறது, ‘ஆஃப் ரோடு’ எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். மழைநீர் வடிகாலுக்கு ஒரு பள்ளம், கேபிளுக்கு ஒரு பள்ளம், போன வருஷப் பள்ளத்தை மூடிய இடத்தில் ஒரு மேடு என்று, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் பாதி இமயமலையைப் பார்த்துவிடுகிறோம். அதனாலோ என்னவோ, நம் ஆபீஸ் இளைஞர்களுக்கு ஜீப் ஆசை பிடித்து ஆட்டுகிறது. 2020-ல் புது மஹிந்திரா தார், 2023-ல் மாருதி ஜிம்னி என்று வரிசையாக வந்து இறங்க, ‘கட்டினா அவளைத்தான் கட்டுவேன்’ பாணியில் ‘வாங்கினா ஃபோர் வீல் டிரைவ்தான்’ என்று சபதம் போடுகிறார்கள்.

சபதம் போட்ட கையோடு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, என்ன டயர் போடலாம்? இரண்டு, கியர் வண்டியா, ஆட்டோமேடிக்கா... எது பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும்? இரண்டுக்கும் இலவச ஆலோசனை சொல்ல டீக்கடை முதல் கல்யாண வீடு வரை ஆள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் செய்யாத ஒரே காரியம், பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுவது. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? போட்டுப் பார்த்துவிடுவோம்.

டயரின் ஜாதகம்

பெண்ணுக்கும் பையனுக்கும் ஜாதகம் பார்க்கிறோமே, டயருக்கும் உண்டு. பக்கவாட்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிறான். படிக்கத்தான் ஆளில்லை.

தார் வண்டியில் வரும் ஒரு டயரில் 255/65 ஆர் 18 என்று இருக்கும். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்று அர்த்தம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே டயரில் மில்லிமீட்டர், சதவிகிதம், அங்குலம் மூன்றும்! இதைக் கண்டுபிடித்தவருக்குக் கணக்கு வாத்தியார் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து ஒரு எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண், எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. 96 என்றால் ஒரு டயருக்கு 710 கிலோ, 100 என்றால் 800 கிலோ. எழுத்து, அதிகபட்ச வேகம். ‘க்யூ’ 160 கிலோமீட்டர், ‘எஸ்’ 180, ‘ஹெச்’ 210. முரட்டு டயர்களில் பெரும்பாலும் ‘க்யூ’தான் இருக்கும். பார்க்கப் பயில்வான், ஓட்டப் பந்தயத்தில் வீக்!

ஜாதகத்தில் முக்கியமானது பிறந்த தேதி. ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் பிறந்தது. ‘புது டயர் ஸார், ரோடையே பார்க்கலை’ என்று சொல்லி, கடை மூலையில் மூன்று வருஷம் தூங்கியதைத் தள்ளிவிடுகிற ஆசாமிகள் உண்டு. ரப்பர் ஓடினாலும் கிழடாகும், ஓடாவிட்டாலும் கிழடாகும். குனிந்து தேதி பார்க்க வெட்கப்படாதீர்கள். கீரைக் கட்டைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைதானே நாம்!

மூன்று ரகம்

இந்த மாதிரி வண்டிகளுக்கு முக்கியமாக மூன்று ரக டயர்கள். எச்.டி. என்பது தார் ரோட்டுக்கு. சத்தம் குறைவு, பெட்ரோல் மிச்சம், ஈர ரோட்டில் பிடிப்பு நல்லது. சேற்றில் இறக்கினால் பள்ளமெல்லாம் களிமண் அடைத்துக்கொண்டு கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். அப்புறம் டிராக்டர்தான் கதி.

எம்.டி. என்பது சேற்றுக்கென்றே பிறந்தது. கட்டை கட்டையாக ரப்பர், நடுவில் அகலமான இடைவெளி. சுற்றுகிற வேகத்தில் சேற்றைத் தானே உதறித் தள்ளிக்கொண்டு முன்னே போகும். அந்த இடைவெளிதான் தார் ரோட்டில் அதற்கு எமன். ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. ஹைவேயில் ‘ஙொய்ய்ய்ங்’ என்று விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். மழை பெய்து வழவழவென்று இருக்கும் ரோட்டில் பிரேக் அடித்தால், வண்டி நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரமும் பொதுவாக அதிகம்.

ஏ.டி. இரண்டுக்கும் நடுவே. மாமியாருக்கும் மருமகளுக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிற புருஷன் மாதிரி. இரண்டு பக்கமும் முழு மார்க் கிடைக்காது. ஆனால், குடும்பம் ஓடும்.

சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ஒரு டயர் கடையில் கேட்ட பேச்சு இது. புது ஜீப்போடு வந்த ஒரு பையன், ‘‘அண்ணே, இருக்கிறதிலேயே முரட்டு டயரா போடுங்க’’ என்றான்.

‘‘போட்டுடலாம் தம்பி. வண்டி எங்கே ஓடும்?’’

‘‘வேளச்சேரிலேர்ந்து சிறுசேரி. சனி ஞாயிறு ஈ.சி.ஆர்.’’

‘‘காடு மேடு?’’

‘‘வருஷத்துல ஒரு தடவை கொல்லிமலை போவோம்ணே...’’

கடைக்காரர் சிரிக்கவில்லை. ‘‘கொல்லிமலைக்கு கவர்ன்மென்ட் பஸ்ஸே போகுது தம்பி. எழுபது வளைவும் தார் ரோடு. ஏ.டி. போதும். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல காத்தடிக்கிற மெஷின் வாங்கு’’ என்றார். வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு உண்மை பேசிய அந்த மனுஷருக்கு ஒரு கும்பிடு.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஜீப்பும் வேனும் மணலில் திணறித் திணறித்தான் போய்ச் சேரும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தாகிவிட்டது. இன்று ஆல்ட்டோவில் அப்பளம் கடித்துக்கொண்டே போகலாம். ‘எப்போதாவது தேவைப்படும்’ என்று டயர் வாங்குமுன், அந்த ‘எப்போதாவது’ வருஷத்தில் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு கை போதுமென்றால் ஏ.டி.கூட கொஞ்சம் ஆடம்பரம்தான்.

பெரிசு போட்டால் மைலேஜ் பொய் சொல்லும்

‘கம்பெனி டயர் ஒல்லி. நான் பெரிசா போடப் போறேன்’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜிம்னியின் டயர் 195/80 ஆர் 15. கூட்டிப் பெருக்கினால் மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 235/75 போட்டால் 733.5. கிட்டத்தட்ட 6 சதவிகிதம் பெரிசு. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன்னைவிட அதிக தூரம் போகும். மீட்டருக்கு இந்த விஷயம் தெரியாது. அது பழைய கணக்கையே எழுதும். மீட்டர் 500 கிலோமீட்டர் என்றால் நிஜத்தில் 529. நாற்பது லிட்டரில் இந்தத் தூரம் போயிருந்தால், நீங்கள் ‘12.5தான் கொடுக்குது’ என்று புலம்புவீர்கள். உண்மையில் அது 13.2. புலம்பலில் கொஞ்சம் பொய்.

வேகமும் அப்படித்தான். ஒரிஜினல் மீட்டர் துல்லியமானது என்று வைத்துக்கொண்டால், முள் 80-ல் நிற்கும்போது வண்டி 85-க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். போலீஸ் கேமராவிடம் ‘டயர் பெரிசு ஸார்’ என்று விளக்க முடியாது.

அதோடு பெரிய டயருக்கு எடை அதிகம். கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். இன்னொன்று, பதிவின்போது கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விபத்து என்று ஒன்று நடந்து, இன்ஷூரன்ஸ்காரர் டேப்பை எடுத்து டயரை அளக்க ஆரம்பித்தால், அந்த 40 மில்லிமீட்டர் கம்பீரம் பல லட்சத்தை விழுங்கிவிடலாம். கம்பெனி அந்த மாடலுக்கென்று அனுமதித்த அளவுகளுக்குள் நின்றுகொள்வது உத்தமம்.

காற்று இலவசம்

மணலில் வண்டி புதைந்தால் நம் ஆள் செய்யும் முதல் காரியம் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது. சக்கரம் தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டு உட்காரும். அனுபவஸ்தர்கள் செய்வது வேறு. இறங்கி, காற்றைக் குறைப்பார்கள். 20 பி.எஸ்.ஐ. வாக்கில் கொண்டுவந்தால் டயர் கொஞ்சம் தளர்ந்து, மணலில் நீளமாகப் படுத்துக்கொள்ளும். எடை பரவும், வண்டி மிதந்து வெளியே வரும். ரொம்பவும் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும், ஜாக்கிரதை. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்கவேண்டியது கட்டாயம். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். கடைக்காரர் ‘மெஷின் வாங்கு’ என்றது இதற்குத்தான்.

தினசரி ஓட்டத்திலும் காற்று குறைந்தால் பெட்ரோல் போகும். அமெரிக்க அரசின் கணக்குப்படி ஒரு பி.எஸ்.ஐ. குறைவுக்குச் சுமார் 0.2 சதவிகிதம். சின்னத் தொகைதான். ஆனால், காற்றடிக்க ஆகிற செலவு அதைவிடச் சின்னது.

ஆட்டோமேடிக் என்கிற குடிகாரன்?

‘ஆட்டோமேடிக்கா? ஐயையோ, பெட்ரோல் குடிக்குமே!’ இது நம் அப்பாக்கள் காலத்து வசனம். அந்தக் காலத்துக்கு உண்மையும்கூட.

பழைய ஆட்டோமேடிக் எப்படி வேலை செய்தது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும், ஆனால் கொஞ்சம் மந்தமாக. காற்றுக்குப் பதில் எண்ணெய். அதுதான் டார்க் கன்வர்ட்டர். நடுவில் நழுவுகிற சக்தியெல்லாம் சூடாகி வீணாகும். போதாக்குறைக்கு மூன்று, நான்கு கியர்கள்தான். இன்றைக்கு நிதானமான வேகத்தில் இரண்டு விசிறியையும் பூட்டுப் போட்டு ஒன்றாகச் சுற்றவைக்கும் கிளட்ச் உள்ளே வந்துவிட்டது. கியர்களும் கூடிவிட்டன. புது தாரில் மேனுவலுக்கும் ஆறு, ஆட்டோமேடிக்குக்கும் ஆறு.

இன்னொரு வகை ஏ.எம்.டி. இது வேஷம் போட்ட மேனுவல். அதே கியர் பாக்ஸ். கிளட்ச் மிதிக்கவும் கியர் மாற்றவும் ஒரு சின்ன ரோபோ வேலைக்காரன். 2014-ல் மாருதி செலெரியோ இதை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தபோது, இரண்டு வகைக்கும் ஒரே மைலேஜ் சொன்னார்கள்: 23.1. பத்து வருஷம் கழித்து 2024-ல் வந்த ஸ்விஃப்ட்டில் வேலைக்காரன் முதலாளியையே மிஞ்சிவிட்டான். மேனுவல் 24.80, ஏ.எம்.டி. 25.75. கியரைச் சரியான நேரத்தில் மாற்றுவதில் ரோபோவுக்குச் சோம்பல் கிடையாது. நமக்கு உண்டு.

இப்போது கணக்கு

ஜிம்னிக்கு வருவோம். மேனுவலில் ஐந்து கியர், ஆட்டோமேடிக்கில் பழைய பாணி நான்கு. கம்பெனி சொன்ன மைலேஜ் மேனுவல் 16.94, ஆட்டோமேடிக் 16.39. இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண்கள். நம்மூர் சிக்னலில் இரண்டுமே குறையும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

வருஷம் 12,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேனுவலுக்கு 708 லிட்டர், ஆட்டோமேடிக்குக்கு 732 லிட்டர். வித்தியாசம் 24 லிட்டர். அதாவது வருஷத்துக்கு 2,400 ரூபாய், மாசத்துக்கு 200. இதற்காகவா இத்தனை பட்டிமன்றம்?

நிஜமான செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 2023-ல் ஜிம்னி வந்தபோது ஆட்டோமேடிக்கின் ஷோரூம் விலை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் அதிகம். இந்தப் பணத்துக்கு 8 சதவிகிதம் வட்டி போட்டாலே வருஷத்துக்கு 9,600 ரூபாய். பெட்ரோல் வித்தியாசத்தைப் போல நாலு மடங்கு! மைலேஜைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், தவணையைப் பற்றி ஏனோ மூச்சுவிடவில்லை.

டயரையும் சேர்த்துப் பாருங்கள். முரட்டு டயரால் லிட்டருக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, மேனுவல் வண்டியில் வருஷத்துக்கு 44 லிட்டர், 4,400 ரூபாய் கூடுதல். ‘ஆட்டோமேடிக் பெட்ரோல் குடிக்கும்’ என்று பயந்து மேனுவல் வாங்கி, அதில் எம்.டி. டயரை மாட்டுகிறவர், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிறார்.

சரி, எதை வாங்குவது?

தினமும் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்கிறவரா? இடது முழங்கால் உங்களுடையது, வாங்கிக் கொடுத்தவர்கள் உங்கள் பெற்றோர். மாசம் 200 ரூபாய் பெட்ரோலை மறந்துவிட்டு, தவணை கட்ட முடிந்தால் ஆட்டோமேடிக் வாங்குங்கள். மணலிலும் பாறையிலும் அது சோடை போவதில்லை. நடுவழியில் கியர் மாற்றி வேகத்தை இழக்கவேண்டாம், கிளட்ச் கருகும் வாசனையும் வராது. கையில் காசு குறைவு, கியர் போடுவதில் ஒரு சுகம் என்றால் மேனுவலே ராஜா. இறக்கத்தில் வண்டியை முதல் கியரில் பிடித்துவைக்கும் அந்த உறுதி தனி. பேட்டரி படுத்துவிட்டால் நாலு பேர் தள்ளிக் கிளப்பவும் செய்யலாம். எதை வாங்கினாலும் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். இந்த இரண்டு வண்டிகளிலும் அது சேறு, மணல், சறுக்கல்களுக்கு மட்டும்தான். ரோட்டில் போட்டால் டயரும் தேயும், உள்ளே பல்சக்கரங்களும் முறுக்கிக்கொள்ளும்.

டயருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஒன்றரை டன் வண்டியையும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும் ஐந்து பேரையும் ரோட்டில் பிடித்து வைத்திருப்பது, டயருக்கு ஓர் உள்ளங்கை அகலமாக நாலே நாலு துண்டு ரப்பர். அதன் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் உள்ளிருக்கும் சின்ன மேடு மேலே எட்டிப் பார்க்கும். அது ‘போதும் சாமி, என்னை விட்டுடு’ என்று டயர் கொடுக்கிற ராஜினாமாக் கடிதம். அதை மட்டும் பெண்டிங்கில் போடாதீர்கள். ஆபீஸ் ஃபைல் என்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். மழை அடுத்த வாரம் வரை காத்திருக்காது!