உங்க புள்ளைய நீங்க எவ்வளவு கவனிக்கிறீங்க? கல்வராயன் மலை அடிவாரத்துல இருந்து ஒரு விளக்கம்

உங்க வீட்டுல ஆறு வயசுக்குள்ள ஒரு குழந்தை இருந்தா, முதல்ல ஒரு கேள்வி. போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் உங்க புள்ளகிட்ட என்ன மாறியிருக்கு?

எடை கூடியிருக்கு, கடவாய்ப்பல் வந்திருக்கு, இருபது வரைக்கும் எண்ணுறான். பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். அதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதுதான். ஆனா புது ஆள் வந்தா உங்க புள்ள என்ன செய்யுது? கோபம் வந்தா எவ்வளவு நேரத்துல அடங்குது? எந்த விளையாட்டை விட்டுட்டு வரச் சொன்னா அதிகமா அழுவுது? இதுக்கெல்லாம் சட்டுனு பதில் வர்றதில்ல. குழந்தையோட குணம் இந்த இடத்துலதான் தெரிய ஆரம்பிக்குது. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

நான் இருக்கிறது கள்ளக்குறிச்சி. இங்க இருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை வழியா மேல ஏறினா கல்வராயன் மலை. கரியாலூர், வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டுன்னு தள்ளித்தள்ளி இருக்கிற ஊருங்க. மலைக்கும் கொஞ்ச நேரத்துல வர்றேன். முதல்ல எங்க வீட்டுல இருக்கிற ரெண்டு பேரைப் பத்திச் சொல்லிடறேன்.

மூத்தவளை அங்கன்வாடியில சேர்த்த புதுசுல, அவ கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டே நிப்பா. மத்த புள்ளைங்க வட்டமா நின்னு பாட்டுப் பாடும், கை தட்டும், குதிக்கும். இவ வாயே திறக்க மாட்டா. டீச்சர் கூப்பிட்டா தலையைக் குனிஞ்சுக்குவா. புள்ளைக்கு ஏதாவது குறையோன்னு வீட்டுல பேச்சு வந்துடுச்சு. ஆனா சாயங்காலம் பார்க்கணும். திண்ணையில பொம்மையை உக்கார வச்சு, டீச்சர் மாதிரியே ஒரு கையை இடுப்புல வச்சுக்கிட்டு, முழுப் பாட்டையும் ஒரு வரி விடாம பாடுவா. பாட்டுக்கு நடுவுல டீச்சர் யாரோ ஒரு பையனை "போய் மூக்கைத் தொடைச்சிட்டு வா"ன்னு சொல்லியிருப்பாங்க போல. அதையும் அதே இடத்துல, அதே குரல்ல சொல்லிட்டு மறுபடி பாட்டைப் பிடிப்பா. அதாவது கதவோரமா நின்ன நேரம் பூரா அவ பார்த்துக்கிட்டே இருந்திருக்கா, கேட்டுக்கிட்டே இருந்திருக்கா.

சின்னவன் அப்படியே நேர் எதிர். ரெண்டு வயசு தாண்டிடுச்சு. எங்க அம்மா புளி தட்டிக் கொட்டை எடுக்க உக்காந்தா, அவனுக்கு வேற எதுவும் வேணாம். கொட்டையை டம்ளர்ல அள்ளி சொம்புல கொட்டுவான். அப்புறம் சொம்புல இருந்து டம்ளருக்கு. டம்ளர் கோபுரமா நிறைஞ்சதும் உச்சியில இன்னும் ஒண்ணு வைப்பான், அது சரியும். மறுபடி வைப்பான். வீடெல்லாம் இறைக்கிறான்னு சொம்பைப் பிடுங்கினா தெருவே கேக்கிற மாதிரி அழுகை. அவன் பண்றது சேட்டை இல்லங்க. எவ்வளவு கொள்ளும், எப்போ வழியும், எதுல அதிகம் பிடிக்கும்னு கையால கத்துக்கிறான். அதோட, சரிஞ்சாலும் விடாம திரும்பத் திரும்ப வைக்கிறான் பாருங்க, அது அவனோட குணம். அக்காகிட்ட இந்த வயசுல நான் அதைப் பார்த்ததில்ல.

ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தாய் தகப்பன். ரெண்டு புள்ளைங்க ஏன் இப்படி வேற வேறயா இருக்கு?

இதைத்தான் அமெரிக்காவுல அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு ரெண்டு மனநல மருத்துவர்கள் தேடிப் போனாங்க. கணவன் மனைவி. 1956-ல நியூயார்க்ல ஆரம்பிச்சு, 133 குழந்தைகளைக் கைக்குழந்தையில இருந்து பெரியவங்க ஆகுற வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. எவ்வளவு துறுதுறுன்னு இருக்கு, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருதா, புதுசைக் கண்டா கிட்டப் போகுதா பின்வாங்குதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுது, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு பலமா வருது, எடுத்ததை விடாம செய்யுதா. இந்த மாதிரி ஒன்பது விஷயத்தைப் பார்த்தாங்க. பிறந்த கொஞ்ச மாசத்துலயே இந்த வித்தியாசங்கள் தெரியுதுன்னு கண்டாங்க. 100-க்கு 40 குழந்தைங்க எதுக்கும் லேசா பழகிடும். 10 குழந்தைங்க பலமா எதிர்க்கும், நேரத்துக்குத் தூங்காது, சாப்பிடாது. 15 குழந்தைங்க தயங்கித் தயங்கி, தன்னோட நேரத்தை எடுத்துக்கிட்டுத்தான் ஒட்டும். எங்க மூத்தவ இந்த 15-ல ஒருத்தி. மீதிப் பேர் எந்த வகையிலயும் முழுசா அடங்காத கலவை.

அவங்க சொன்னதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது இதுதான். எந்தக் குணமும் தன்னால நல்லதோ கெட்டதோ இல்ல. அந்தக் குணத்தோட வீடும் பள்ளிக்கூடமும் எப்படிப் பொருந்திப் போகுதுங்கிறதைப் பொறுத்துத்தான் புள்ள தெளிவா வளருது. எங்க அங்கன்வாடி டீச்சர் இதைப் படிச்சிருப்பாங்களான்னு கேட்டதில்ல. ஆனா செஞ்சாங்க. மூத்தவளை ஆடச் சொல்லி வற்புறுத்தவே இல்ல. சாப்பாட்டு நேரத்துல டம்ளரை வரிசையா எடுத்து வைக்கிற வேலையைக் கொடுத்தாங்க. டம்ளர் வைக்கப் போனவ, ஒவ்வொரு புள்ள பேரையும் தெரிஞ்சுக்கிட்டா. அப்புறம் ஒரு நாள் வட்டத்துல அவளாப் போய் நின்னுட்டா.

இப்போ ஒரு எச்சரிக்கை. "விளையும் பயிர் முளையிலே தெரியும்"னு நம்ம சொல்லுவோம். அதை வச்சுக்கிட்டு மூணு வயசுல ஒரு பேரைக் குத்திடக் கூடாது. அழுமூஞ்சி, அடங்காப்பிடாரி, வாயாடி, ஊமைக்கோட்டான். "இவ ரொம்ப சமத்து, கேட்டது வேணும்னு அழவே மாட்டா"ங்கிறதும் அதே வகைதான், அந்தப் புள்ள கேக்கிறதையே விட்டுடும். ஹார்வர்டுல ஜெரோம் கேகன்னு ஒரு உளவியலாளர், நாலு மாசக் குழந்தைகள்ல புது சத்தம், புதுப் பொருளுக்குப் பதறிக் கை கால் உதைக்கிற குழந்தைகளைத் தனியாக் குறிச்சு வச்சு, வருஷக்கணக்கா பார்த்தார். அவங்கள்ல கூச்சமான புள்ளைங்க மத்தவங்களைவிட அதிகம். ஆனா எல்லாரும் அப்படி ஆகல. சாய்வு பிறப்புல இருக்கு, மிச்சம் வளர்ப்புலயும் அனுபவத்துலயும் இருக்கு.

குழந்தையை மாசம் மாசமாப் பார்க்கிற வழக்கம் நமக்கு வெளிநாட்டுல இருந்து வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 12-ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மேல பிள்ளைத்தமிழ் பாடியிருக்கார். அந்த இலக்கிய வகையோட அமைப்பைப் பாருங்க. மூணாம் மாசத்துல இருந்து 21-ஆம் மாசம் வரைக்கும், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணா பத்துப் பருவம். அஞ்சாம் மாசம் செங்கீரை: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுறது. ஒன்பதுல சப்பாணி, கை கொட்டுறது. 13-ல வாரானை, தளர்நடை போட்டு வா வான்னு குழந்தையைக் கூப்பிடுறது. குழந்தை பக்கத்துல உக்காந்து பார்த்தவங்க இல்லாம இந்த வரிசை வந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட அஞ்சு நாட்டுக் குழந்தைகளை அளந்து 2006-ல வெளியிட்ட கணக்குப்படி, தனியா நடக்கிற சராசரி வயசு ஏறக்குறைய 12 மாசம். வாரானைக்குப் பக்கத்துலயே வருது. ஆனா சராசரியைவிட நீங்க மனசுல வச்சுக்க வேண்டியது அதோட அகலத்தை. எட்டு மாசத்துல நடந்த குழந்தையும் இருக்கு, பதினேழு மாசம் தாண்டி நடந்த குழந்தையும் இருக்கு, ரெண்டும் ஆரோக்கியமான குழந்தைங்கதான். தவழாமலே எழுந்து நடக்கிற குழந்தைகளும் கொஞ்சம் உண்டு. பக்கத்து வீட்டுப் புள்ள பத்து மாசத்துல நடந்துடுச்சேன்னு உங்க புள்ளையைப் பிடிச்சு இழுக்காதீங்க. போன மாசத்து உங்க புள்ளையோட இந்த மாசத்து உங்க புள்ளையை ஒப்பிடுங்க, போதும்.

சரி, மலைக்கு வர்றேன். கல்வராயன் மலையில மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் சாமை, மரவள்ளி போடுறாங்க. ஆனா அந்த வருமானம் போதாம, நிறைய பேர் மிளகு, காபி தோட்ட வேலைக்குக் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் மாசக்கணக்கா போயிடறாங்க. புள்ளைங்க தாத்தா ஆயாகிட்ட. முதல் அடியையும் முதல் வார்த்தையையும் பார்க்கிறது அவங்கதான். இந்தத் தாத்தா ஆயாக்கள் பல பேரோட சொந்தக் குழந்தைப் பருவத்துல மலையில ஜாகீர்தார்கள்ங்கிற பரம்பரை நிலத் தலைவர்களோட ஆதிக்கம் இருந்துச்சு. 1976-லதான் அது முடிவுக்கு வந்துச்சு. அங்கன்வாடித் திட்டமே 1975 அக்டோபர் 2-லதான் நாட்டுல தொடங்குச்சு. தங்களை யாரும் எடை போட்டுப் பார்க்காத, பாட்டுச் சொல்லிக் கொடுக்காத தலைமுறை, இன்னைக்குப் பேரப்புள்ளையைக் கையைப் பிடிச்சு அங்கன்வாடிக்குக் கூட்டிட்டுப் போகுது. அவங்களுக்கு நாம எவ்வளவு மரியாதை செஞ்சாலும் தகும்.

வெளியூர்ல வேலை செய்யுற அப்பா அம்மா யாராவது இதைப் பார்த்துட்டு இருந்தா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். போன்ல "சாப்டியா, தூங்குனியா"வோட நிறுத்தாதீங்க. உங்க அம்மாகிட்ட "இன்னைக்கு அவன் புதுசா என்ன பண்ணான்?"னு கேளுங்க. கோழிக்குஞ்சைத் துரத்தாம உக்காந்து பார்த்தான்னு சொல்லுவாங்க. அடுத்த தடவை புள்ளைகிட்ட அந்தக் கோழிக்குஞ்சைப் பத்திக் கேளுங்க. தூரத்துல இருந்தாலும் அப்பா என்னைக் கவனிக்கிறார்னு அதுக்குத் தெரியும்.

பார்த்ததை எழுதி வைக்கிறதும் நல்லது. விஞ்ஞானி டார்வின் 1839-ல பிறந்த தன்னோட மூத்த மகனைப் பத்தி அப்படித்தான் குறிப்பு எழுதினார். ரெண்டரை வயசு தாண்டின மகன் ஒரு நாள் சாப்பாட்டு அறையில இருந்து கண்ணு பளபளக்க, ஒரு மாதிரி நடிப்போட வெளிய வந்தான். உள்ள போய்ப் பார்த்தா, தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்த சர்க்கரையை எடுத்துத் தின்னிருக்கான். அதுல டார்வின் கவனிச்சது அந்தக் கண்ணை. பல வருஷம் கழிச்சு, 1877-ல, அந்தக் குறிப்புகளைக் கட்டுரையா வெளியிட்டார். நமக்கு நோட்டுப் புத்தகம்கூட வேண்டாம். பால் கணக்கு எழுதுற மாசக் காலண்டர் இருக்கு. அந்தக் கட்டத்துலயே ஒரு வரி எழுதுங்க. "இன்னைக்குத் தானா தம்பிக்கு முறுக்குல பாதி ஒடிச்சுக் கொடுத்தா." அவ்வளவுதான்.

கடைசியா, இதைக் குணம்னு விட்டுடக் கூடாத சில விஷயங்கள். ஒரு வயசாகியும் மழலைச் சத்தமே இல்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல. 16 மாசமாகியும் ஒரு வார்த்தை வரல. 18 மாசமாகியும் நடக்கல. ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசல. ஏற்கெனவே பேசினதையோ செஞ்சதையோ திடீர்னு விட்டுடுச்சு. இதுல எது இருந்தாலும் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்"னு காத்திருக்காதீங்க. தாய்-சேய் அட்டையை எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 2013-ல தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டத்துல, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து குழந்தைகளைப் பார்க்கணும். எப்போ வருவாங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டு, அன்னைக்குப் புள்ளையைக் கட்டாயம் அனுப்புங்க. நீங்க கவனிச்சதையும் அவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் மட்டும் பார்க்கிற டாக்டருக்கு, தினமும் கூடவே இருக்கிற உங்க பேச்சுதான் பெரிய தகவல்.

நாளைக்கு அங்கன்வாடியில புள்ளையைக் கூட்டப் போறப்போ, "அழுதாளா, சாப்பிட்டாளா"ன்னு கேட்டுட்டுக் கிளம்பிடாம, "இன்னைக்கு யாரும் சொல்லாம அவளா என்ன செஞ்சா?"ன்னு டீச்சரைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க.