நோன்பும் நடையும் தொடர்கின்றன, எடை மட்டும் ஏன் நிற்கிறது?



நம் மஹல்லாவில் அண்மைக் காலமாக ஒரு நல்ல மாற்றத்தைப் பார்க்கிறோம். ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் ஆண்கள் சேர்ந்து நடக்கிறார்கள். தாய்மார்கள் அஸர் தொழுதுவிட்டு மொட்டைமாடியில் நடக்கிறார்கள். திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பு வைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் 'பதினாறு-எட்டு' என்று சொல்லப்படும் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் முறையைக் கடைப்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "முதல் மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு அதே நோன்பு, அதே நடை. தராசு முள் மட்டும் அசையவில்லை. எங்கே தவறு?"

இந்தக் கட்டத்தில் சிலர் மனம் விட்டு, நடையையும் நோன்பையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பட்டினியைக் கூட்டுகிறார்கள். 16 மணி நேரம் 20 ஆகிறது; ஒரு நாளைக்கு ஒரே வேளை என்று ஆகிறது. சுகர் மாத்திரை சாப்பிடுகிற ஒரு சகோதரர் டாக்டரிடம் கேட்காமல் இப்படிச் செய்து, வேர்த்து நடுங்கி மயங்கி விழும் நிலைக்குப் போனார். அல்லாஹ் காப்பாற்றினான். இந்தக் கட்டுரையை இப்போதே எழுதுவதற்கு அதுவே காரணம்.

எடை ஒரு கட்டத்தில் நிற்பது பெரும்பாலும் இயல்பானது. அதற்கு மருந்து பட்டினியைக் கூட்டுவது இல்லை. உண்ணும் நேரத்தில் என்ன உண்கிறோம் என்பதைத் திருத்துவதுதான். ஏன் என்று பார்ப்போம்.

நோன்பு வேறு, டயட் வேறு

பதினாறு-எட்டு முறையில் 16 மணி நேரம் உணவு கிடையாது. தண்ணீர், சர்க்கரையும் பாலும் சேர்க்காத தேநீர் குடிக்கலாம். எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ள வேண்டும். நம் நோன்பில் தண்ணீரும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம் வருகிறது. மஃரிபிலிருந்து ஸஹர் வரை பத்து மணி நேரத்துக்கும் மேல் உண்ண அனுமதி இருக்கிறது.

நோன்பு இபாதத். அதன் நிய்யத் அல்லாஹ்வுக்காக. உடல் நலம் அதோடு கிடைக்கும் நன்மை. எடை குறையவில்லை என்பதற்காக நோன்பு வீண் போனதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தக் கூலியைத் தராசு சொல்லாது. எடையைக் குறைக்க விரும்பினால் அதற்கான கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் மாத வேகம் ஏன் நீடிப்பதில்லை?

நம் உடல் அவசரத் தேவைக்காக ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்ததும் முதலில் கரைவது இதுதான். அதோடு தண்ணீரும் வெளியேறுகிறது. அதனால் முதல் இரண்டு வாரங்களில் எடை மளமளவென்று இறங்கும். அதில் கணிசமான பகுதி கொழுப்பு இல்லை, தண்ணீர்.

கொழுப்பு மெதுவாகவே கரையும். உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். தினமும் 300 கலோரி குறைத்தாலும் அதற்கு ஏறத்தாழ 26 நாட்கள் ஆகும். முதல் வாரத்தின் வேகத்தையே ஆறாவது மாதத்திலும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உடல் போடும் கணக்கு

80 கிலோ இருந்த ஒருவர் 74 கிலோ ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் சுமந்து நடப்பது ஆறு கிலோ குறைவான உடலை. அதே தூரம் நடந்தாலும் முன்பைவிடக் குறைவாகவே செலவாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சிறிய உடலுக்குச் செலவு குறைவு. பசியோ கூடுகிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2016இல் இதைக் கணக்கிட்டது. ஒரு கிலோ குறைந்தால் உடலின் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. நம் உதாரணத்தில் ஆறு கிலோ குறைந்தவருக்குச் செலவு 120 முதல் 180 கலோரி வரை குறையும். பசி 600 கலோரி அளவுக்கு அதிகமாக இழுக்கும். அவர் தன்னை அறியாமலே தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறார். வரவும் செலவும் சமமாகிவிடுகின்றன. முள் நிற்கிறது.

இது ஈமானின் குறையோ மன உறுதியின் குறையோ இல்லை. பஞ்ச காலத்தில் மனிதன் உயிர் பிழைப்பதற்காக அல்லாஹ் உடலில் வைத்திருக்கும் பாதுகாப்பு.

நேரத்தைச் சுருக்கினால் மட்டும் போதுமா?

சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து, 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரு பிரிவினரும் ஒரே அளவு கலோரிதான் சாப்பிட வேண்டும். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். நேரக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குச் சராசரியாக 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தது. புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். உணவின் அளவு குறைந்ததால்தான் இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது.

ரமலானைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் இதே செய்திதான். மாத முடிவில் சராசரியாக ஒரு கிலோ அளவில் குறைகிறது. பெருநாளுக்குப் பிறகு சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. பகல் முழுதும் விட்டதை இரவில் ஈடு கட்டிவிடுகிறோம்.

நம் வீட்டில் கணக்கு எங்கே நழுவுகிறது?

நோன்புக் கஞ்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி சேர்ந்த நல்ல உணவு அது. ஆனால் அதோடு வடை, சமோசா, பஜ்ஜி, ரோஸ்மில்க் வந்து சேர்கின்றன. இஷாவுக்குப் பிறகு பரோட்டாவும் சால்னாவும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 125 கலோரி. ஒரு தம்ளர் சர்பத்தில் ஐந்து தேக்கரண்டி சர்க்கரை இருந்தால் 100 கலோரி. எழுபது கிலோ உள்ளவர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவதும் ஏறத்தாழ இவ்வளவுதான். நடந்த களைப்புக்கு ஒரு சர்பத் என்றால் நடை அதோடு சரியாகிப் போனது.

தாய்மார்களுக்கு வேறொரு வழியில் நழுவுகிறது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று தாங்களே சாப்பிட்டுவிடுகிறார்கள். வீண் விரயம் கூடாது என்ற எண்ணம் உயர்ந்தது. அதற்கு வழி, முதலிலேயே தட்டில் குறைவாக வைப்பது. சமைக்கும்போது ருசி பார்ப்பது, தேநீரோடு இரண்டு பிஸ்கட் இவையெல்லாம் நம் நினைவில் நிற்பதில்லை. உடல் ஒன்றையும் விடாமல் எழுதி வைக்கிறது.

மாதத்தில் மூன்று நான்கு வலீமா விருந்துகளும் உண்டு. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்பை ஏற்பது சுன்னத். பிரியாணியை ஒரு முறை மட்டும் வாங்கிக்கொண்டு, இனிப்பைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளலாம்.

தராசு மட்டுமே சாட்சி இல்லை

உப்பு கூடினால், மாதவிடாய் நெருங்கினால், புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலித்தால், உடலில் தண்ணீர் தங்கி எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். அப்போது உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் முள் காட்டாது. அதனால் வாரத்துக்கு ஒரு நாள், காலையில், ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள். நான்கு வாரம் தொடர்ந்து மாற்றமே இல்லை என்றால்தான் எடை நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

இடுப்புச் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. எடை நின்று இடுப்பு குறைந்தால் நீங்கள் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள்.

என்ன செய்யலாம்?

1. ஒரு வாரம் மட்டும், வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலோருக்கு விடை அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

2. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி என்று நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து பிறகு சாப்பிடுங்கள். அந்த இடைவெளியில் பசியின் வேகம் தணியும். பொரித்த பண்டத்தை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். எழுபது கிலோ உள்ளவருக்கு 58 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். மீன், கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் எல்லாம் உதவும். டப்பாவில் வரும் பவுடருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நடையோடு தசைப் பயிற்சியும் சேருங்கள். பட்டினியால் குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகிறது. தசை குறைந்தால் செலவும் குறையும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது போதும். பெண்கள் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

5. நோன்பு நாளில் வெயிலில் கடும் பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு செய்யுங்கள்.

6. ஸஹரைத் தவறவிடாதீர்கள். அதில் பரக்கத் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஸஹரை விட்டவர் மாலையில் இரு மடங்கு சாப்பிடுகிறார். தூக்கத்தையும் குறைக்காதீர்கள், தூக்கம் கெட்டால் பசி கூடும்.

இவற்றில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து ஆறு வாரம் கடைப்பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எதுவும் நிலைக்காது.

கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் தாங்களாகப் பட்டினி நேரத்தைக் கூட்டக் கூடாது. இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே முறித்துவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவு வழிகாட்டுதல். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பெரும்பாலோரின் கருத்து. நோயாளிக்கு ரமலானிலேயே சலுகை தந்த மார்க்கம் இது. சுன்னத்தான நோன்புக்காகவோ, வெறும் டயட்டுக்காகவோ உயிரைப் பணயம் வைக்க யாரும் சொல்லவில்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக, இதய நோயாளிகள், சிறு பிள்ளைகள் எடைக்காகப் பட்டினி இருக்க வேண்டாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால், உடல் சோர்வு, முடி உதிர்வு, மாதவிடாய் ஒழுங்கின்மை இருந்தால், தைராய்டு, பிசிஓடி சோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆறு கிலோ குறைந்து, குறைந்த இடத்திலேயே நிற்கிறவர் தோற்றவர் ஆகமாட்டார். குறைந்ததைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பதே பெரிய வெற்றி. முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் குறைந்து, ருகூவும் ஸுஜூதும் எளிதாகியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். வயிற்றில் உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொன்ன பெருமானாரின் உம்மத் நாம். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதற்கும் நம் மீது ஹக் உண்டு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தையும், நன்மையில் நிலைத்திருக்கும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.