புளூட்டோவின் நிலத்தைப் படத்தில் படித்தது எப்படி?

சூரியனைச் சுற்றும் கோள்கள் ஒன்பது என்று பள்ளியில் மனனம் செய்தவர்கள் நம்மில் பலர். கடைசியாக நாம் சொன்ன பெயர் புளூட்டோ. 2006 ஆகஸ்டு மாதம் அனைத்துலக வானியல் சங்கம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. அதனால்தான் இன்று பிள்ளைகள் கோள்கள் எட்டு என்கிறார்கள்.

அந்த முடிவுக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, ஜனவரி 19ஆம் தேதி, நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. அதுவரை ஹப்பிள் தொலைநோக்கியில்கூட புளூட்டோ மங்கலான சில புள்ளிகளாகத்தான் தெரிந்தது. அதன் குறுக்களவு 2,377 கிலோமீட்டர். நமது நிலவைவிடச் சிறியது.

ஒரே ஒரு வாய்ப்பு

ஒன்பதரை ஆண்டுப் பயணம். ஆனால் அங்கே போய் நிற்க முடியாது. விநாடிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கலத்தை நிறுத்தத் தேவையான எரிபொருளை அதில் ஏற்றிச் செல்ல வழியில்லை. கடந்து போகும் சில மணி நேரத்தில் எடுத்த படங்கள்தான் மிச்சம்.

புளூட்டோவை நெருங்கப் பத்து நாள்கள் இருந்தபோது, 2015 ஜூலை 4ஆம் தேதி, கலத்துடன் தொடர்பு அறுந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய வேலைகளைச் செய்யப்போய் அதன் கணினி திணறிவிட்டது. ஒரு மணி நேரத்திற்கும் மேல் கழித்துத்தான் மீண்டும் சமிக்ஞை கிடைத்தது. குழுவினர் இரவு பகலாக உழைத்து, மூன்றே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்தார்கள்.

ஜூலை 14ஆம் தேதி கலம் புளூட்டோவிலிருந்து 12,500 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. கேமரா கலத்தின் உடலோடு பொருத்தப்பட்டது. ஆகவே, புளூட்டோவைப் பார்க்கத் திரும்பினால் பூமியோடு பேச முடியாது. "நலமாக இருக்கிறேன்" என்ற சமிக்ஞை மலேசிய நேரப்படி ஜூலை 15 காலை 9 மணிக்குச் சற்று முன்புதான் வந்து சேர்ந்தது.

குழிகளை எண்ணினால் வயது தெரியும்

படங்களில் இதய வடிவில் ஒரு வெளிர் நிலம் தெரிந்தது. அதன் இடப் பாதி, ஸ்புட்னிக் பிளானிஷியா எனும் பனிச் சமவெளி. குறுக்கே சுமார் 1,000 கிலோமீட்டர்; பெர்லிசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான தூரத்தைவிட அதிகம்.

விண்கற்கள் மோதினால் நிலத்தில் குழி விழும். நிலம் எவ்வளவு பழையதோ, அவ்வளவு குழிகள் சேர்ந்திருக்கும். நம் நிலவின் முகத்தில் நிறைய குழிகள் இருப்பது அதனால்தான். ஆனால் இந்தச் சமவெளியில் ஒரு குழிகூட அகப்படவில்லை. சூரியக் குடும்பத்தின் வயது 4.5 பில்லியன் ஆண்டுகள். இந்த நிலத்தின் மேற்பரப்போ 10 மில்லியன் ஆண்டுகளைத் தாண்டாது என்று கணித்தார்கள். அப்படியானால், ஏதோ ஒன்று பழைய குழிகளை அழித்துக்கொண்டே இருக்கிறது.

அதற்கான விடையும் படத்திலேயே இருந்தது. சமவெளி முழுவதும் 10 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரிந்து கிடந்தது. அடுப்பில் கொதிக்கும் கஞ்சியைப் பாருங்கள். சூடானது நடுவில் எழும்பி, ஆறியது ஓரத்தில் இறங்கும். அங்கே அந்த வேலையைச் செய்வது உறைந்த நைட்ரஜன். புளூட்டோவின் உள்ளிருந்து வரும் சிறிதளவு வெப்பம் அதை மெல்ல மெல்லப் புரட்டுகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்வு. ஆனாலும், குழிகளை மறைக்க அது போதும்.

நிழலும் நிறமும்

சமவெளியின் ஓரத்தில் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைகள் உள்ளன. நம் கினபாலு மலை 4,095 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். ஒரே மலையை இரு கோணங்களில் எடுத்த படங்களையும், நிழலின் நீளத்தையும் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம்.

நைட்ரஜன் பனி மென்மையானது. அவ்வளவு உயரமாக நிற்காது, சரிந்துவிடும். ஆகவே அந்த மலைகள் நீர்ப் பனியால் ஆனவை என்று முடிவு செய்தார்கள். மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் குளிரில் சாதாரண ஐஸ்கட்டியும் பாறையைப் போல் இறுகிவிடும். எந்த இடத்தில் எந்தப் பனி என்பதை, அது திருப்பி அனுப்பும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி காட்டிக் கொடுத்தது.

அங்கிருந்து வரும் தகவல் 4.8 பில்லியன் கிலோமீட்டரைக் கடக்க நான்கரை மணி நேரம் பிடித்தது. அனுப்பும் வேகமும் மிகக் குறைவு. நாம் கைப்பேசியில் நொடியில் அனுப்பும் ஒரு படம் வந்து சேர அங்கிருந்து மணிக்கணக்காகும். எல்லாத் தகவலும் பூமிக்கு வந்து முடிந்தது 2016 அக்டோபரில்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. புளூட்டோ தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆறு நாளுக்கும் மேலாகிறது. கலம் கடந்த நேரத்தில் நம் பக்கம் காட்டிய முகம்தான் தெளிவாகப் பதிவானது. மறுபக்கம் சில நாள்களுக்கு முன் தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படங்களில் மட்டுமே உள்ளது. வீட்டில் பிள்ளைகள் புளூட்டோவைப் பற்றிக் கேட்டால், எட்டா ஒன்பதா என்பதோடு நிறுத்த வேண்டாம். பாதி முகத்தை மட்டுமே நாம் நன்றாகப் பார்த்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.